நிகோவை எப்போது சந்திப்பது? ப்ரோக்கன் சோர்டின் மூன்று பதிப்புகள்

‘ப்ரோக்கன் சோர்ட்’ என்ற கணினி சாகச ஆட்டத்தை ஆடிப் பார்க்கலாம் என்று ஒருவர் முடிவு செய்த அடுத்த நிமிடமே இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது: எந்த ப்ரோக்கன் சோர்ட்? 1996-இல் வந்த மூலம் ஒன்று. 2009-இல் புதிய காட்சிகளும் புதிய புதிர்களும் சேர்த்து வந்த ‘டைரக்டர்ஸ் கட்’ இரண்டாவது. 2024-இல் படங்களைப் புதுப்பித்து வந்த ‘ரீஃபோர்ஜ்டு’ மூன்றாவது. மூன்றுக்கும் கதை ஒன்றுதான், செய்த நிறுவனமும் ஒன்றுதான். ஆனாலும் எதை முதலில் ஆடுவது என்று பழைய ஆட்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைரக்டர்ஸ் கட்டில் சேர்த்த காட்சிகள் மோசமானவை அல்ல. அவற்றைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. அதனால் முதல்முறை ஆடுகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் முறை ஆடுகிறவருக்கோ அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சார்ல்ஸ் செசில் இயக்கியது. பாரிஸில் இலையுதிர் காலம். ஜார்ஜ் ஸ்டோபார்ட் என்ற அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒரு கஃபே வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அக்கார்டியன் வைத்திருக்கும் கோமாளி ஒருவன் உள்ளே போகிறான், ஒரு முதியவரின் கைப்பெட்டியோடு ஓடுகிறான். மறுநொடி கஃபே வெடித்துச் சிதறுகிறது. தூசி தட்டி எழுந்து நிற்கும் ஜார்ஜ், யார் இந்தக் கோமாளி என்று கிளம்புகிறான். அந்தத் தேடல் அவனை அயர்லாந்து, சிரியா, ஸ்பெயின், ஸ்காட்லாந்து வரைக்கும் இழுத்துப் போகிறது. நடுவில் இடைக்கால ஐரோப்பாவின் டெம்ப்ளர் வீரர்களின் பழைய சுவடி ஒன்று. பாரிஸில் இருந்துகொண்டு துப்புக் கொடுக்கும் நிகோ கொலார் என்ற பத்திரிகையாளர். அவ்வளவுதான், இதற்கு மேல் சொன்னால் ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த வகை ஆட்டத்தில் சண்டை கிடையாது, புள்ளிகள் கிடையாது. திரையில் ஒரு பொருளைத் தொட்டால் நாயகன் அதைப் பற்றி ஏதாவது சொல்வான், எடுப்பான், பையில் போடுவான், வேறொன்றோடு பொருத்துவான். எதிரில் வருகிற எல்லோரிடமும் பையில் இருக்கிற எல்லாவற்றையும் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம். ஜார்ஜ் அழுக்குக் கைக்குட்டையைக்கூட வெட்கமில்லாமல் நீட்டுவான். ஆட்டத்தின் சிரிப்பில் பெரும்பகுதி இந்தப் பண்பற்ற விசாரணையில்தான் இருக்கிறது. அதோடு பாரிங்டன் ஃபெலூங்கின் இசை. பல நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, சரியான பொருளைச் சரியான இடத்தில் வைத்ததும் சட்டென்று நாலு சுரம் எழும். “கண்டுபிடித்துவிட்டாய்” என்று யாரோ முதுகில் தட்டுகிற மாதிரி இருக்கும்.

சரி, டைரக்டர்ஸ் கட்டுக்கு வருவோம். 2009 மார்ச்சில் நின்டெண்டோவின் வீ, டிஎஸ் கருவிகளுக்கு யூபிசாஃப்ட் வெளியிட்டது. 2010-இல் ஐபோனுக்கும் கணினிக்கும் வந்தது, 2012-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்து சேர்ந்தது. விரலால் தொட்டு ஆடுவதற்கு இந்த வகை ஆட்டங்கள் எவ்வளவு பொருத்தம் என்று பலருக்கும் புரிய வைத்த வெளியீடுகளில் இதுவும் ஒன்று.

மூலத்தில் நிகோவை நாம் இயக்க முடியாது. ஜார்ஜ் தொலைபேசியில் கூப்பிடுவான், அவள் பேசுவாள். ஊர் ஊராகப் போவது, அடிபடுவது, பூட்டுத் திறப்பது எல்லாம் ஜார்ஜ். துப்புத் துலக்குவதைத் தொழிலாகவே செய்கிற பத்திரிகையாளர் வீட்டில் இருக்க, விடுமுறைக்கு வந்தவன் உலகம் சுற்றுகிறான். 1997-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நிகோவையும் சில பகுதிகளில் இயக்கலாம் என்று ஆனபோதே இந்தக் குறை வெளிப்படையாகிவிட்டது. டைரக்டர்ஸ் கட் அதை முதல் பாகத்துக்கே திரும்பிப்போய்ச் சரிசெய்யப் பார்க்கிறது. ஆட்டம் இப்போது நிகோவோடுதான் தொடங்குகிறது. கார்ஷோன் என்ற பெரும் செல்வாக்குள்ள மனிதரைப் பேட்டி காண அவள் போகிறாள். அங்கே மைம், அதாவது பேசாமல் சைகையால் நடிக்கும் கலைஞன், வேடத்தில் வந்த ஒருவன் அவரைக் கொன்றுவிட்டுப் போகிறான். அவள் தடயம் தேடுகிறாள். தேடத் தேட, இந்தக் கொலைக்கும் தன் அப்பாவுக்கும் ஏதோ ஒட்டு உறவு இருப்பது தெரிகிறது. பிறகும் கதையின் நடுவே சில இடங்களில் ஜார்ஜை விட்டு நிகோவிடம் வருகிறோம்.

இந்தப் பகுதிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. நிகோவின் குரலில் ஒரு நிதானம் இருக்கிறது. ஜார்ஜ் நகைச்சுவையால் கடந்துபோகிற இடங்களை அவள் கவனித்துக் கடக்கிறாள். புதிர்களின் குணமும் வேறு. ஒரு பொருளை நெருக்கமாகக் காட்டி, அதைத் திருப்பி, நகர்த்தி, சங்கேத எழுத்தை அவிழ்க்கச் சொல்கிற ரகம். வீ, டிஎஸ் கருவிகளை மனத்தில் வைத்துச் செய்தவை என்பது கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். “இது ப்ரோக்கன் சோர்ட் புதிர் மாதிரியே இல்லையே” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. “பை நிறையப் பொருளை வைத்துக்கொண்டு எல்லாவற்றோடும் எல்லாவற்றையும் உரசிப் பார்ப்பதற்கு இது மேல்” என்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. எழுத்துப் புதிர் என்றால் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்துவிடுகிற ஆள், என் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், தொடக்கத்தில். மூலத்தின் முதல் ஐந்து நிமிடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நகரம், ஒரு காபி, ஒரு கோமாளி, ஒரு வெடி. நமக்கு ஒன்றும் தெரியாது, ஜார்ஜுக்கும் ஒன்றும் தெரியாது. கோமாளி கொலைகாரன் என்பதே ஒரு அதிர்ச்சி. பிறகு கேமராவோடு ஒரு பெண் வருகிறாள். அவளை நம்பலாமா கூடாதா என்பதே தெரியாமல்தான் பேசத் தொடங்குகிறோம். வெடியில் இறந்த அந்த முதியவர் பிளான்டாரைச் சந்திக்கத்தான் அவள் வந்தாள் என்று அவள் சொல்லும்போது, அவளுக்கு நம்மைவிட எவ்வளவு அதிகம் தெரியும் என்ற சந்தேகம் நமக்கு வரவேண்டும். ஜார்ஜுக்கும் நிகோவுக்கும் இடையே பாகம் பாகமாக ஓடுகிற சீண்டலுக்கும் ஈர்ப்புக்கும் அந்தச் சந்தேகம்தான் விதை.

டைரக்டர்ஸ் கட்டில் கஃபே வெடிக்கும்போது நாம் ஏற்கெனவே ஒரு கொலையைப் பார்த்தாயிற்று. வேடம் கட்டிய கொலைகாரன் ஒருவன் ஊரில் உலவுகிறான் என்பதும் தெரிந்தாயிற்று. கோமாளி உள்ளே நுழையும்போதே “ஓ, இவனா?” என்று மனம் முந்திக்கொள்கிறது. நிகோ கேமராவோடு வரும்போது, நாம் கொஞ்ச நேரம் முன்பு வரை இருந்த உடம்பு எதிரே நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஜார்ஜ் அவளைச் சந்தேகிக்கலாம், நம்மால் முடியாது. தான் போன இடத்தில் நடந்த ஒரு கொலையை அவள் ஏன் இவனிடம் நேராகச் சொல்லவில்லை என்ற எரிச்சல்தான் வருகிறது. காரணம் எளிது: அந்த உரையாடல்கள் 1996-இல் எழுதப்பட்டவை. அப்போது நிகோவுக்கு இந்த முன்கதையே கிடையாது. பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டுப் போட்டால் தையல் தெரியும் அல்லவா, இங்கே தெரிகிறது.

இதை ஏற்காத ஆட்டக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. டைரக்டர்ஸ் கட்டையே முதலில் ஆடியவர்கள் இந்த இழப்பை உணர்வதில்லை. அவர்களுக்கு இது நிகோவின் கதை, ஜார்ஜ் நடுவில் வந்து சேர்கிற ஒரு விளையாட்டுப் பிள்ளை. “பழையதை முதலில் பார்த்த பாசத்தில் பேசுகிறீர்கள்” என்று அவர்கள் சொன்னால் என்னால் முழுசாக மறுக்க முடியாது. ஆனால் ஒன்று கேட்பேன்: நிகோவின் கதை என்றால், அதன்பின் வருகிற பெரும்பகுதியில் அவள் ஏன் மறுபடி தொலைபேசிக்குப் பின்னால் போய்விடுகிறாள்? தொடக்கத்தில் பந்தியில் முதல் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, பிறகு இடையிடையே மட்டும் பரிமாறினால் எப்படி?

சேர்த்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எடுத்துவிட்டதையும் கணக்கில் வைக்கவேண்டும். மூலத்தில் ஜார்ஜ் சாகலாம். அடிக்கடி இல்லை, சில இடங்களில்தான். சிரியாவில் ஒரு குன்றின் மேல் துப்பாக்கிமுனையில் நிறுத்தப்படுகிறான். கையில் இருப்பது கைகுலுக்கினால் ‘விர்’ரென்று அதிரும் ஒரு வேடிக்கைப் பொம்மை. பேச்சை வளர்த்து, நேரம் பார்த்து அதைப் பயன்படுத்தவேண்டும். தவறினால் தோட்டா, பிறகு பழைய சேமிப்பிலிருந்து மறுபடி. டைரக்டர்ஸ் கட் இப்படிப்பட்ட சாவுகளை எடுத்துவிட்டது. நாம் யோசித்து முடிக்கும்வரை துப்பாக்கிக்காரன் பொறுமையாகக் காத்திருக்கிறான். இரத்தமும் துடைக்கப்பட்டது, உரையாடலிலும் சில இடங்களில் கத்தரி. இளைய ஆட்டக்காரர்களையும் குடும்பத்தோடு ஆடுகிறவர்களையும் நினைத்துச் செய்த வேலை என்பது புரிகிறது. ஆனால் குன்றின் மேல் நடக்கும் அந்த உரையாடல், உயிர் போகலாம் என்ற பயம் இல்லாவிட்டால் வெறும் அரட்டை.

அப்புறம் அந்த ஆடு. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு ஆட்டைப் பற்றி எழுதாமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். அயர்லாந்தில் லோக்மார்ன் என்ற ஊர், இடிந்த கோட்டை. உள்ளே அகழ்வாய்வுக் குழிக்குப் போக ஏணி இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆடு கட்டிக்கிடக்கிறது. ஏணிப் பக்கம் போனால் முட்டித் தள்ளும். எத்தனை முறை போனாலும் முட்டும். பையில் இருக்கிற எதைக் காட்டினாலும் அதற்கு அக்கறை இல்லை. விடை இதுதான்: ஒருமுறை முட்டு வாங்கிக் கீழே விழவேண்டும், எழுந்த கையோடு சட்டென்று எதிர்ப்பக்கம் கிடக்கிற பழைய கலப்பைப் பக்கம் ஓடவேண்டும். துரத்தி வரும் ஆட்டின் கயிறு அதில் சிக்கிக்கொள்ளும். அதுவரை இந்த ஆட்டம் யாரையும் அவசரப்படச் சொன்னதே இல்லை. யோசி, நிதானமாகச் செய் என்று பழக்கிவிட்டு, திடீரென்று ஓடு என்றால் யாருக்குத் தோன்றும்? ஆட வந்தவர்களை ஆடு நிறுத்திவைத்த கதை அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. சாகச ஆட்டங்களில் நியாயமில்லாத புதிர் எது என்று பேச்சு வந்தால் இன்றைக்கும் முதலில் இதுதான் வரும்.

டைரக்டர்ஸ் கட்டில் இந்தப் புதிரை இளக்கிவிட்டார்கள். பலருக்கு நிம்மதி. சிலருக்கு இதிலும் வருத்தம்: ஆட்டிடம் முட்டு வாங்காதவன் ப்ரோக்கன் சோர்ட் ஆடினவனா என்று. நான் இந்த விஷயத்தில் இளக்கியவர்கள் பக்கம். விதியைச் சொல்லாமல் மாற்றிவிட்டு விளையாடச் சொல்வது புதிராகாது.

குறிப்பு வசதியைப் பற்றியும் இதே மாதிரி இரண்டு குரல். மாட்டிக்கொண்டால் குறிப்புக் கேட்கலாம். முதலில் பூடகமாகச் சொல்லும், மறுபடி கேட்டால் இன்னும் கொஞ்சம், கடைசியில் விடையையே சொல்லிவிடும். கூடவே நடந்ததை எழுதிவைக்கும் நாட்குறிப்பு. சில நாள் விட்டு மறுபடி ஆட வருகிறவருக்கு அது உண்மையிலேயே உதவும். தொடக்கூடிய பொருள்கள் திரையில் மினுங்கிக் காட்டப்படுவதால், படத்தின் ஒவ்வொரு மூலையிலும் சுட்டியைத் தடவிப் பார்க்கிற வேலையும் இல்லை. குறிப்பு இருப்பதால் ஆட்டம் கெடுகிறது என்ற வாதம் எனக்கு ஏறுவதில்லை. 1996-இலும் ஆட்டக்காரர்கள் தீர்வுப் புத்தகங்களையும் நண்பர்களையும் தேடிப் போனார்கள். ஆனால் மினுங்குவது சற்று வேறு. எதைப் பார்க்கவேண்டும் என்று படமே சொல்லிவிட்டால், படத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவோம். கையால் வரைந்த பாரிஸ் தெருக்களை இப்படி மினுங்கும் புள்ளிகளாகப் பார்த்துவிட்டுப் போவது நஷ்டம்.

முகப்படங்கள் இன்னொரு சர்ச்சை. பாத்திரங்கள் பேசும்போது அவர்களின் முகத்தை நெருக்கமாகக் காட்டப் புதுப் படங்கள் சேர்த்தார்கள். வரைந்தவர் காமிக்ஸ் உலகில் பெரும்பெயர் பெற்ற டேவ் கிப்பன்ஸ். ரெவல்யூஷனோடு 1994-லேயே ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ ஆட்டத்தில் வேலை செய்தவர். படங்கள் அழகுதான். ஆனால் பின்னணிகள் கார்ட்டூன் படத்தின் மென்மையோடு வரையப்பட்டவை, முகங்களோ காமிக்ஸின் அழுத்தமான கோடுகளில் வருகின்றன. இரண்டும் ஒரே திரையில் இருக்கும்போது இரண்டு வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்றாக ஓடுகிற உணர்வு. சிறு திரையில் முகபாவம் தெரியவேண்டுமே என்பதற்காகச் செய்தது. பெரிய திரையில் ஆடுகிறவருக்கு அந்தக் காரணம் மறந்துபோய், பொருத்தமின்மை மட்டும் கண்ணில் நிற்கும்.

குரலில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஜார்ஜுக்குக் குரல் கொடுத்தவர் ரோல்ஃப் சாக்ஸன். 1996-இல் எல்லாவற்றையும் இரண்டு குறுவட்டுக்குள் அடக்கவேண்டிய கட்டாயம், ஒலியை நெருக்கிச் சுருக்கியிருந்தார்கள். பல ஆண்டு கழித்துப் பதிவான புது வரிகள் பளிச்சென்று கேட்கின்றன, பழைய வரிகள் தொலைபேசிக்குள்ளிருந்து கேட்கின்றன. காதில் மாட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு எது பழையது எது புதியது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிட முடியும். டிஎஸ் பதிப்பில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அதில் குரலே இல்லை, எழுத்து மட்டும்தான். சாக்ஸனின் குரல் இல்லாத ஜார்ஜை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

2024 செப்டம்பரில் வந்த ரீஃபோர்ஜ்டு இந்த வாதத்துக்கு ஒரு மறைமுகத் தீர்ப்பு மாதிரி. ரெவல்யூஷன் மறுபடி கையில் எடுத்தபோது டைரக்டர்ஸ் கட்டை அடித்தளமாக வைக்கவில்லை, 1996 மூலத்துக்கே திரும்பியது. கஃபே, கோமாளி, வெடி என்றே தொடக்கம். நிகோவின் கூடுதல் அத்தியாயங்கள் இல்லை, கிப்பன்ஸின் முகங்களும் இல்லை. பின்னணிகளை 4கே அளவுக்குப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். பாத்திரங்களின் அசைவுக்கான படங்கள் 30,000-க்கும் மேல் என்பதால், தங்களுடைய பழைய படங்களை வைத்துப் பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவின் உதவியை எடுத்துக்கொண்டு, முகத்தையும் கையையும் ஓவியர்களே திருத்தினார்கள். அந்த உதவியே கூடாது என்று ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள். சொந்தப் படத்தைச் சொந்தமாகத் துலக்குவதில் என்ன தவறு என்பவர்களும் இருக்கிறார்கள்.

ரீஃபோர்ஜ்டின் நல்ல யோசனை, ஆடும்போதே பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறி மாறிப் பார்க்கலாம் என்பது. 2009-இல் ‘மங்கி ஐலண்ட்’ சிறப்புப் பதிப்பும், 2016-இல் ‘டே ஆஃப் தி டென்டக்கிள்’ மறுபதிப்பும் செய்த வித்தைதான். ஆனால் பழைய ஆட்டக்காரர்களின் பாதிப் புலம்பல் இதில் அடங்கிவிடுகிறது. நம் நினைவு அந்தத் தெருவை எவ்வளவு அழகாக்கி வைத்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. புதிய படம் நினைவில் இருந்ததைப் போலவே இருக்கிறது, பழைய படம் நினைவில் இருந்ததைவிட மங்கல். உதவி வேண்டுபவர்களுக்குக் ‘கதை’ முறை, வேண்டாதவர்களுக்குப் பழைய முறை என்று இரண்டையும் பிரித்து வைத்திருப்பதும் சரியான முடிவு. எனக்குள்ள ஒரே குறை, சில காட்சிகளில் எல்லாமே அளவுக்கு மீறித் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. தூசி படிந்திருக்கவேண்டிய அருங்காட்சியக மூலைகூடப் பளபளக்கிறது.

1996 மூலத்தையே அப்படியே ஆடவேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பழைய கோப்புகள் கையில் இருந்தால் ‘ஸ்கம்விஎம்’ என்ற இலவச மென்பொருள் இன்றைய கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அதை ஓட்டிவிடும். கணினி ஆட்டங்கள் விற்கும் ஜிஓஜி தளத்தில் டைரக்டர்ஸ் கட் வாங்கியவர்களுக்கு மூலமும் கூடவே கிடைத்தது. அப்படி வாங்கி வைத்திருப்பவர்கள் தங்கள் கணக்கை ஒருமுறை திறந்து பார்க்கலாம், அதிலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல்முறை, பெரிய திரை என்றால் ரீஃபோர்ஜ்டு, பழைய முறையில். ஆட்டிடம் மாட்டினால் மட்டும் கௌரவம் பார்க்காமல் உதவி கேளுங்கள். பழைய படங்களின் மேல் பிரியம் உள்ளவர் மூலத்தை ஸ்கம்விஎம்மில் ஆடலாம், கதையில் எந்த நஷ்டமும் இல்லை. கையில் தொலைபேசியும் டைரக்டர்ஸ் கட்டும் மட்டும்தான் இருக்கிறது, பயண நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆடுவேன் என்பவர் அதையே ஆடட்டும். நாட்குறிப்பும் குறிப்பும் அவருக்காகவே செய்தவை. சிறு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிறவருக்கும் அதுதான் தோது.

ஏற்கெனவே ஆடி முடித்தவருக்கு என் பதில் வேறு. டைரக்டர்ஸ் கட்டைத் திறங்கள், நிகோவின் முதல் பகுதியைத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து ஆடுங்கள். கோமாளி யார் என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. கஃபே வாசலில் ஜார்ஜிடம் பேசப்போகிறவள், அதற்கு முன்பே எதையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறாள் என்று இப்போது தெரிந்துகொள்ளலாம். ஜார்ஜ் அந்த வாசலில் வந்து நிற்கும்போது மூடி வைத்துவிட்டாலும் பாதகமில்லை.